“பழைய வண்டிக்கு ஸ்பெஷல் ஆயில்” என்றால் நம்பி ஊற்றிவிடாதீர்கள்

அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று பழைய வண்டியை எடுத்துச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள், இன்ஜினில் ஆயில் ஊற்றுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கடையில் நான் வாங்கிய ஐந்து லிட்டர் கேன், பதினோரு மாத வேலையைக் கெடுத்துவிட்டது.

வண்டி அப்பாவுடையது. 1971 அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி. ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றி, வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட்டும், அதன் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் எட்டு டாப்பெட்டும் புதிதாகப் போட்டிருந்தோம். மெக்கானிக் சொன்னது ஒன்றுதான்: “20டபிள்யூ50 போடுங்க தம்பி, தெரிஞ்ச கம்பெனியா பார்த்து வாங்குங்க.” (20டபிள்யூ50 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு.)

தெரிந்த கம்பெனி டின்னைத்தான் கேட்டேன். கடைக்காரர், “இப்ப வர்ற ஆயில்ல ஜிங்க்கை எடுத்துட்டாங்க சார், உங்க கேம் ஷாஃப்ட் போயிரும். பழைய வண்டிக்குன்னே வர்ற சரக்கு இருக்கு” என்று உள்ளேயிருந்து ஒரு கேனை எடுத்து வந்தார். 3,200 ரூபாய். பில் கேட்டதற்கு, “அப்புறம் அனுப்புறேன்” என்றார். ஜிங்க் விஷயம் எனக்கும் அரைகுறையாகத் தெரியும் என்பதால் மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த இன்ஜின்களில் டாப்பெட்டின் அடி, கேமின் மேல் தேய்ந்துகொண்டேதான் ஓடும்; ரோலர் கிடையாது. இரும்போடு இரும்பு ஒட்டாமல் காப்பது ஆயிலில் கலந்திருக்கும் ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) எஸ்எம் தரத்திலிருந்து அதை 0.08 சதவீதத்துக்குள் வைக்கச் சொன்னார்கள்; அதோடு சேர்ந்த ஜிங்க்கும் குறைந்தது. அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதிதான் முக்கியம். அந்த வரம்பு 5டபிள்யூ30, 10டபிள்யூ30 போன்ற மெல்லிய ஆயில்களுக்குத்தான். 20டபிள்யூ50க்கு அது பொருந்தாது. சீல் உடையாத நல்ல கம்பெனி 20டபிள்யூ50 ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

முதல் ஸ்டார்ட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓட்டினோம். கிராங்க் சுற்றி வாரி அடிக்கும் ஆயில்தான் கேமை நனைக்கும். ஐடிலில் அது போதாது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சுமார் 400 கிலோமீட்டரில் டிக் டிக் என்று சத்தம். டாப்பெட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கு விடும் இடைவெளியை, 15 தௌவுக்கு வைத்தோம் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரே வாரத்தில் மூன்றாவது வால்வில் 30 தௌ கேஜ் தாராளமாக நுழைந்தது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி அந்த டாப்பெட்டை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய அடிப்பாகத்தின் நடுவில் குழி. விரலால் தடவினால் நகம் மாட்டியது. அதற்கு நேரான கேமின் மூக்கு (டாப்பெட்டைத் தூக்கும் மேட்டின் நுனி) மழுங்கியிருந்தது. வடித்த ஆயிலை வெயிலில் வைத்துப் பார்த்தால் அதில் வெள்ளி மாதிரி மின்னும் இரும்புத்தூள் மிதந்தது. அவர் அதிகம் பேசவில்லை. “இத்தனை நாள் பாடுபட்டோமே தம்பி” என்றார்.

கேனில் மிச்சமிருந்த ஆயிலை லேபுக்கு அனுப்பினேன். 50 கிரேடு என்றால் 100 டிகிரியில் கெட்டித்தன்மை குறைந்தது 16.3 சென்டிஸ்டோக் இருக்க வேண்டும். இது 11ஐக்கூடத் தொடவில்லை. ஜிங்க் பெயருக்குத்தான் இருந்தது. ரிப்போர்ட்டைக் காட்டியதும் கடைக்காரர், “நீங்க ரன்-இன் சரியா பண்ணல” என்றார்; புது இன்ஜினை முதலில் ஓட்டிப் பழக்கியதில் தப்பு என்கிறார். பில் இல்லாததால் அந்த கேன் அங்கே வாங்கியது என்பதையே ஒத்துக்கொள்ளவில்லை. ஃபோனில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.

இப்போது யோசித்தால் அந்த கேனைப் பார்த்தபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏபிஐ வட்ட முத்திரை இல்லை, எஸ்எல், எஸ்என் என்று எந்தத் தரமும் போடவில்லை, பேட்ச் நம்பர் இல்லை. “விண்டேஜ்” என்ற எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. நீங்கள் வாங்கும்போது பில்லைக் கையில் வாங்குங்கள். கம்பெனியின் டேட்டா ஷீட்டைக் கேட்டு, ஜிங்க் 1000 பிபிஎம்முக்கு (0.1 சதவீதத்துக்கு) மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரி கேனை ஏற்கெனவே ஊற்றியிருந்தால் வண்டியை எடுக்காமல் இன்றைக்கே வடித்துவிடுங்கள். சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் கேம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.

எங்கள் இன்ஜினை மறுபடியும் இறக்கிவிட்டோம். அந்த இரும்புத்தூள் பேரிங்கிலும் ஆயில் பம்ப்பிலும் போயிருப்பதால் கேமை மட்டும் மாற்றினால் போதாது, எல்லாவற்றையும் கழுவ வேண்டும். தீபாவளிக்கு அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். பொங்கலுக்குள் முடியும் என்கிறார் மெக்கானிக்.