மூன்று வருஷமாக ட்ராக்கில் ஓடும் என் பழைய ஹேட்ச்பேக்: பேச்செல்லாம் பிரேக் பெடலைப் பற்றித்தான்

போன வாரம் முன் பிரேக்கில் பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் பிரித்துச் சரிசெய்து வண்டியைக் கையில் வாங்கினேன். அன்றைக்குச் சாயங்காலமே நண்பன் போன் பண்ணி, "என் பழைய வண்டி சும்மாதானேடா நிக்குது, ட்ராக் டேக்குக் கொண்டு போலாமா?" என்று கேட்டான். ட்ராக் டே என்றால் சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. பில் இன்னும் சட்டைப்பையில் இருக்கும்போது கேட்டால் எப்படிப் பதில் வரும்? அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வண்டிக்கு 16 வயது. 1.6 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல், முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி, எடை ஏறக்குறைய 1,100 கிலோ. இந்த ரக வண்டி எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் மைலேஜ், டிக்கி அளவு என்றெல்லாம் போகப்போவதில்லை. மூன்று வருஷத்தில் ஒன்பது ட்ராக் டே போயிருக்கிறேன். எதுவுமே போட்டி இல்லை. யாரும் நேரம் குறிப்பதில்லை, 15 அல்லது 20 நிமிட செஷன், முந்துவது நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் வழிவிட்டுக் கை காட்டினால்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிரேக்கைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் இது மறந்துபோகும். இந்த வண்டியில் இருப்பது பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இத்தனை வருஷம் ரோட்டில் ஓட்டியபோது எனக்கு அது பார்க் பண்ணும்போது தோள் வலிக்கிற ஸ்டீயரிங், அவ்வளவுதான். ட்ராக்கில் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த பயிற்சியாளர், "தம்பி, எதுக்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீங்க, விரலைத் தளர்த்துங்க" என்றார். தளர்த்தினேன். மூன்றாம் கியரில் நீளமான ஒரு வலது வளைவு. திருப்பத் திருப்பக் கையில் கனம் ஏறிக்கொண்டே வந்தது, ஓர் இடத்தில் அந்தக் கனம் ஒரு இழை குறைந்தது. டயர் சத்தம் போடவில்லை, வண்டியும் இன்னும் வழுக்கவில்லை, ஆனால் முன் டயர்கள் தங்கள் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே, ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுக்கும் விசை குறைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் கைக்கு முன்கூட்டியே சேதி வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டேன், எடை முன்னுக்கு வந்து மூக்கு உள்பக்கம் திரும்பியது. சட்டென்று விட்டிருந்தால் பின்பக்கம் லேசாகி வெளியே வீசியிருக்கும், அதையும் இன்னொரு நாள் அனுபவித்தேன். நான் ஓட்டிப் பார்த்த சில புது வண்டிகளில் இந்தப் பேச்சு இல்லை. வேகத்தில் அவை என் வண்டியை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும், ஆனாலும் வளைவில் என்ன நடக்கிறது என்று கைக்குச் சொல்வதில் இந்தக் கிழவண்டிக்கு ஈடாக நான் ஒன்றைப் பார்க்கவில்லை. மனசார எழுதுகிறேன்.

சரி, பிரேக்.

இரண்டாவது ட்ராக் டே, மத்தியான செஷன், நான்காவது சுற்று. நீளமான நேர்ப்பாதையின் முடிவில் வேகமானி 150-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, அடுத்த வளைவுக்கு 70-க்கு இறங்க வேண்டும். பிரேக்கை அழுத்தினேன். பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்து கிட்டத்தட்டத் தரையில் போய் உட்கார்ந்தது. வண்டி குறைந்தது, ஆனால் போதுமான அளவுக்குக் குறையவில்லை. காலை எடுத்து இரண்டு தடவை வேகமாக அடித்து மிதித்ததும் பாதிப் பெடல் திரும்பி வந்தது, வளைவின் வெளி ஓரத்தில் இருந்த புல்லை இரண்டு சக்கரம் தொட்டுத் திரும்பி வந்தோம். பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. ட்ராக்கை விட்டு வண்டிகள் வந்து நிற்கும் பிட் பக்கம் விரலால் காட்டினார். எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தேன். முட்டி நடுங்குவது நிற்கப் பத்து நிமிஷம் ஆனது.

இதற்கு வண்டியைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று அன்றைக்குத் தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் ரோடுக்கும் ட்ராக்குக்கும் உள்ள தூரம் புரிந்தது. 1,100 கிலோ வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக நிறுத்தினால் பிரேக் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஜூல். 150-லிருந்து 70-க்கு இறக்கினால் ஏழரை லட்சம். வண்டி நிற்கவே இல்லை, இன்னும் 70-ல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கே ஐந்து மடங்கு. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தது இங்கேதான் காலுக்குக் கீழே வந்து நின்றது. அத்தனையும் வெப்பமாகிறது, பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குச் சாய்வதால் அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழுகிறது. ஒரு சுற்றில் இப்படி மூன்று நான்கு இடம். முதல் சூடு ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி எடை குறைந்த வண்டிகளை ட்ராக் பைத்தியங்கள் இன்றும் தேடிப் பிடிப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

நான் செய்த முதல் தப்பு, டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடைக் குற்றம் சொன்னது. விலை கூடிய பேட் வாங்கி மாட்டினேன். அடுத்த ட்ராக் டேயிலும் அதே நான்காவது சுற்று, அதே பஞ்சுப் பெடல். அப்புறம்தான் ஒருவர் சொன்னார்: பேட் சூடேறித் தோற்றால் பெடல் கல் மாதிரி கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது, பெடலே தொய்ந்து உள்ளே போனால், மிதியின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டு போகும் பிரேக் ஃப்ளூயிட் கொதித்துவிட்டது என்று அர்த்தம். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். காலிப்பருக்குள் ஆவிக்குமிழ் வந்துவிட்டால் நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழை நசுக்கவே சரியாகிவிடும். எனக்கு மூன்று வருஷத்தில் கிடைத்த ஆகப் பயனுள்ள ஒரே வாக்கியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஃப்ளூயிடை வெளியே எடுத்துப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். காலிப்பரிலிருந்து ஃப்ளூயிடை வெளியேற்றும் ப்ளீட் நிப்பிளில் உள்ளே இருப்பது தெரியும் குழாயை மாட்டித் திறந்தோம். புது ஃப்ளூயிட் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்டத் தெளிவாக இருக்கும். குழாயில் வந்தது துருத் தண்ணீர் நிறத்தில், அடியில் கறுப்புத் துகளோடு. வீட்டுக்கு வந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். முந்தைய வருஷ சர்வீஸ் பில்லில் "பிரேக் ஃப்ளூயிட் மாற்றப்பட்டது" என்று தெளிவாக இருக்கிறது, பணமும் வாங்கியிருக்கிறார்கள். மேலே இருக்கும் டப்பாவில் கொஞ்சம் ஊற்றி நிரப்பியதைத்தான் மாற்றியதாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் கை சூடாகிறது. அந்தப் புல் ஓரத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்திருந்தால்?

கொஞ்சம் ஆறிய பிறகு அவர்கள் பக்கமும் யோசித்தேன். ரோட்டில் அதே ஃப்ளூயிடோடு வருஷக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினேன், மலை இறக்கம் ஒன்றில் மாட்டாதவரை ஒருத்தருக்கும் தெரியவந்திருக்காது. ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது அதன் குணம். டாட் என்பது ஃப்ளூயிடின் தரக் குறியீடு. டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு அதுவே 205-ம் 140-ம். சர்வீஸ்காரர் கையிருப்பில் இருந்ததை ஊற்றினார், நான் மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் ட்ராக்குக்குக் கொண்டு போனேன். இருந்தாலும் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

இப்போது டாட் 5.1 ஊற்றுகிறேன், ஈரம் ஏறினாலும் 180 வரை தாங்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். பெயரைப் பார்த்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள், அது சிலிக்கோன், வேறு ஜாதி, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. ஒவ்வொரு ட்ராக் டேக்கும் முன்னால் நான்கு சக்கரத்திலும் நானே ப்ளீட் பண்ணுகிறேன். பெடலை மிதிக்க ஓர் ஆள், நிப்பிளைத் திறந்து மூட ஓர் ஆள். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாத அளவுக்கு மெதுவாக ஓட்டி ஆறவிட்டுத்தான் பிட்டுக்குள் வருகிறேன். வந்ததும் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை, கியரில் விட்டு டயருக்கு அடியில் கட்டை வைத்துவிடுகிறேன். பின்னால் டிரம் உள்ள வண்டி, கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைத்தால் ஆறும்போது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. தரையைத் தொடுவதில்லை, ஆனால் நான்காவது சுற்றில் பெடல் ஒரு விரற்கடை கீழே இறங்கிவிடுகிறது, அந்த ஒரு விரற்கடை என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வளைவு வருவதற்கு முன்பே நேர்ப்பாதையில் இடது காலால் பெடலை லேசாகத் தட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கை ஸ்டீயரிங்கின் பேச்சை ரசித்துக்கொண்டிருக்கும், கால் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும்.

போன மாசம் இடது முன் சக்கரத்தைக் கழற்றியபோது உள்பக்க பேட் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம், வெளிப்பக்க பேட் 7. காலிப்பர் நகர வேண்டிய ஸ்லைட் பின்னில் கிரீஸ் கருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசு மறைப்பு ரப்பரை விரலால் தொட்டேன், காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. வலது பக்கமும் ஏறக்குறைய அதே கதி. இந்தச் செலவு ரோட்டில் மட்டும் ஓடியிருந்தால் வந்திருக்காது. சீல் கிட், பின், கிரீஸ், கூலி என்று போட்டதில் இன்னும் இரண்டு ட்ராக் டே போய் வந்திருக்கலாம்.

மற்றதெல்லாம் எனக்குப் பெரிய தொந்தரவு தரவில்லை. டயரில் குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ வைத்தால் செஷன் முடிவில் 38, 39 காட்டும், சூட்டிலேயே கொஞ்சம் இறக்கிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் டயர் பட்டன் தேயாமலே கிழடாகியிருக்கும், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. வீல் நட்டை ஒவ்வொரு செஷனுக்கும் பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். நீள வளைவில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், அதனால் அளவை மேல் கோட்டிலேயே வைத்திருங்கள். மிதியடியைக் கழற்றி வெளியே வையுங்கள், அது பெடலுக்கு அடியில் சுருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள், சாதாரண பாலிசியில் ட்ராக் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு கிடையாது.

நண்பனிடம் கடைசியில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஸ்டீயரிங்கைப் பற்றி அரை மணி நேரம் பேசி முடித்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் வண்டி என்னுடையதைவிட 200 கிலோ கனம், ஃப்ளூயிட் கடைசியாக எப்போது மாற்றினான் என்பதே அவனுக்கு நினைவில்லை. முதலில் அதை மாற்று, பக்கத்தில் நின்று குழாயில் என்ன நிறம் வருகிறது என்று உன் கண்ணால் பார், அப்புறம் பேசலாம் என்றேன். அடுத்த மாசம் உன் பக்கத்து சீட்டிலாவது உட்கார்ந்து வருகிறேன் என்றான். வா, ஹெல்மெட் எடுத்துக்கொண்டு வா, ஆனால் நீ ஏறினால் எடை கூடும், மூன்று சுற்றோடு உள்ளே வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.