ஃப்ரீகேட்: 4 அங்குலம் 4 மில்லிமீட்டர் ஆனபோது

ஒருவர் ஒரு பிராக்கெட்டை எஸ்டிஎல் கோப்பாக (முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் ஒரு கோப்பு வகை) அனுப்பினார். அதை, ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்த பெட்டியோடு சேர்த்து இறக்கினேன், பிராக்கெட்டையே காணோம், ஜூம் செய்து தேடினால் 4 அங்குலப் பாகம் 4 மில்லிமீட்டராக ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மென்பொருள்மீது தப்பில்லை. எஸ்டிஎல்லில் வெறும் எண்கள்தான், அலகு கிடையாது. ஃப்ரீகேட் அதை மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்கிறது. மெஷ் பகுதியில் இருக்கும், அளவைப் பெருக்கும் ஸ்கேல் கருவியில் 25.4 கொடுத்தேன் (ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்), 101.6 மில்லிமீட்டர் வந்தது, வேலை முடிந்தது. ஆனாலும் திறக்கும்போதே ‘இது எந்த அலகு?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் நன்றாக இருக்கும். பாகம் சந்தேகப்படும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் 3டி அச்சுக்கு மாடலைத் தயார்செய்யும் பிரூசாஸ்லைசர் மென்பொருள் கேட்கிறதே.

அப்புறம் அதே பாகத்தை ஸ்டெப் கோப்பாக (இன்னொரு முப்பரிமாணக் கோப்பு வகை) வாங்கினேன். அதில் அலகும் கூடவே வருவதால் எந்தத் தொல்லையும் இல்லை, நேராக 101.6.

இன்னொன்று, அமைப்புகளில் அலகை அங்குலத்துக்கு மாற்றினால் திரையில் காட்டும் எண்தான் மாறும், மாடல் அப்படியேதான் இருக்கும். இது புரியாமல் நான் அரை மணி நேரம் தொலைத்தேன். சரி, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளுக்கு 5-க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம்.