பழைய ஹைலக்ஸ், இடைக்கிடை நூர்ந்து நின்றுபோகும் எஞ்சின்: யாழ்ப்பாணம் நீர்வேலியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றை (எல்என்106 மாதிரி) 2015இல் இருந்து ஓட்டுகிறேன். 2779 சிசி 3எல் டீசல் எஞ்சின், ஐந்து கியர், நாலு சில்லிலும் இழுவை, முன்னுக்கும் பின்னுக்கும் வில்லுத்தகடு. எனக்கு முதல் வைத்திருந்தவர் வெதுப்பகம் நடத்தியவர். வாங்கும்போது பின்பெட்டி மூலைகளில் மா இறுகிப்போய்க் கிடந்தது. இப்போது அதில் ஏறுவது நீர்வேலி வாழைக்குலையும் சீசனுக்கு வெங்காயமும். திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகள் வழமையான ஓட்டம். கிளிநொச்சிக்கும் அடிக்கடி போய்வரும்.

வாகனத்தைப் பற்றி என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பாரம் ஏற்றினால் அரசன், வெறுமையாக ஓடினால் முதுகெலும்புக்கு எதிரி. எஞ்சினுக்கு விசை கூட்டும் ரேபோ இல்லை, ஆகவே ஏ9 நெடுஞ்சாலையில் பஸ்காரன் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தால் பேசாமல் ஒதுங்கி விடவேண்டியதுதான். ரைமிங் பெல்ற்றை ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா மாற்ற வேண்டும். டாஷ்போர்டில் அதற்கென்றே ஒரு லைற் எரியும், அதை மதித்தால் போதும். கொம்பியூட்டர் இல்லை, சென்சர் தொல்லை இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தப் பழைய டீசல்களுக்கு விலை ஏறிய விதத்தைப் பார்த்தால், விற்கலாம் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியும் வரவில்லை.

ஆனால் இதே வாகனம் ஒரு காலத்தில் என்னை நடுரோட்டில் நிறுத்தி நிறுத்திக் களைக்கப் பண்ணியது. எப்போதாவது நூரும். எப்போது என்று தெரியாது. கராஜுக்குக் கொண்டுபோனால் பூனைக்குட்டி மாதிரி நிற்கும். பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. அதன் காரணத்தைத் தேடிப் பிடித்த விதத்தைத்தான் இங்கே விபரமாக எழுதுகிறேன். ஹைலக்ஸ் மட்டுமல்ல, பொறிமுறை டீசல் பம்ப் உள்ள எந்தப் பழைய வாகனத்துக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் தாங்கி காற்பங்குக்கு மேல் ஏறியதே இல்லை. கியூஆர் கோட்டா முறை வந்த பிறகும் கிடைக்கிற கோட்டாவை அளந்து அளந்துதான் ஓடினோம். தாங்கியின் மேற்பகுதி மாதக்கணக்கில் வெறும் காற்றோடு கிடந்தது. நம்முடைய காற்றில் உப்பும் ஈரமும் இருக்கிறது. இரவில் குளிரும்போது தாங்கியின் உட்சுவரில் வியர்க்கும். அடுத்த மாரியில் வாகனம் நூரத் தொடங்கியது.

ஒரு கராஜில் பம்பைக் கழற்றி ஓவரோல் செய்ய வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு நல்ல மாடு ஒன்று வாங்கலாம். எனக்கு அது ஒத்துவரவில்லை. பம்ப் தேய்ந்தால் அதற்கென்று ஒரு குணம் உண்டு: குளிரில் நன்றாக ஸ்ராட் எடுக்கும், சூடேறி நிறுத்தினால் திரும்ப எடுக்காது. அந்த நேரம் பம்பின் தலையில் ஈரத்துணியைப் போட்டு ஆறவிட்டால் எடுக்கும். என்னுடையது சூட்டிலும் எடுக்கும், குளிரிலும் எடுக்கும், விரும்பின நேரத்தில் நூரும். இன்னொரு இடத்தில் டீசல் ஃபில்ரரை மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு கிழமை நன்றாக ஓடியது. ஆனால் ஃபில்ரர் மாற்றிய கையோடு தாங்கியையும் நிரப்பியிருந்தேன். மட்டம் இறங்க, பழைய கதை திரும்பத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு ஃபில்ரரில் இருந்த நம்பிக்கை போய், மீற்றர் முள் காட்டும் டீசல் மட்டத்தில் சந்தேகம் வந்தது.

கோப்பாய்ப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் அண்ணை இருக்கிறார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது, துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓடவைத்த தலைமுறை. அந்த ஆக்களுக்கு எரிபொருள் லைன் என்றால் கைரேகை மாதிரி. விபரத்தைக் கேட்டவர் பொனற்றைத் திறக்கவேயில்லை.

“நூரேக்கை எப்பிடி நூருது? திறப்பைத் திருப்பி நிப்பாட்டின மாதிரி டக்கெண்டோ, இல்லாட்டி இழுத்து இழுத்துத் திணறியோ?”

“ரெண்டு மாதிரியும் நடக்குது அண்ணை.”

“அப்ப ரெண்டு வருத்தம் தம்பி. ஒண்டெண்டு நினைச்சுத் தேடினா ஒண்டும் பிடிபடாது. பம்பிலை கை வையாதை.”

என்னைக் கேட்டால் இந்த முழு விஷயத்திலும் பெறுமதியானது அந்த ஒரு கேள்விதான். டக்கென்று நூர்ந்தால் கரண்ட் பக்கம் பாருங்கள். திணறி, விசை குறைந்து, குலுங்கி நூர்ந்தால் டீசல் பக்கம். அன்றிலிருந்து டாஷ்போர்டில் ஒரு கொப்பித் துண்டு வைத்து, நூரும்போதெல்லாம் மூன்றே விஷயம் எழுதினேன்: எப்படி நூர்ந்தது, டீசல் முள் எங்கே நின்றது, ரோடு எப்படி. எழுதத் தொடங்கியதும் குழப்பம் பாதி தெளிந்தது. டக்கென்று நூர்ந்தவை எல்லாம் கிடங்கிலோ ரோட்டு வெடிப்பிலோ விழுந்த கையோடு. திணறி நூர்ந்தவை எல்லாம் முள் அரைக்குக் கீழே நின்றபோது, பெரும்பாலும் வளைவிலோ பிரேக் பிடித்த பிறகோ.

முதலில் கரண்ட் பக்கம். இந்த எஞ்சினில் டீசல் பம்பின் மேல் விரல் தடிப்பில் ஒரு சொலனொய்ட் இருக்கிறது, அதற்கு ஒரேயொரு வயர். திறப்பைப் போட்டதும் அதற்கு 12 வோல்ற் போய், உள்ளே இருக்கும் ஊசியைத் தூக்கி டீசலுக்கு வழிவிடும். கரண்ட் நின்றால் சுருள்வில் ஊசியைத் தள்ளி வழியை மூடிவிடும். ஸ்பார்க் பிளக் இல்லாத டீசல் எஞ்சினைத் திறப்பால் நிறுத்த முடிவதே இதனால்தான். ஆக அந்த ஒரு வயரில் கண்ணிமைக்கும் நேரம் கரண்ட் விட்டுப்போனாலும் டீசல் அறுந்துவிடும்.

சோதனை லேசானது. சொலனொய்ட் முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து, மறுமுனையை வாகனத்தின் பொடியில் ஏர்த் கொடுத்த சின்னச் சிக்னல் பல்ப் ஒன்றோடு சேர்த்துக் கண்ணுக்கு முன்னால் கட்டிவைத்தோம். சிலந்திவலை மாதிரி வயர் தொங்க, சந்தையில் எல்லோரும் சிரித்தார்கள். புத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் இறங்கும்போது பல்ப் நூர்ந்தது, எஞ்சினும் நூர்ந்தது. சந்தேகம் தீர்ந்தது. வயரைப் பின்தொடர்ந்து போனால், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, கம்பளத்துக்குள், ஒரு சுவிட்ச். கள்வருக்குப் பயந்து பழைய சொந்தக்காரர் போட்ட இரகசியச் சுவிட்ச். நல்ல எண்ணம்தான், ஆனால் மழைத்தண்ணீர் வந்து நிற்கும் இடத்தில் போட்டிருக்கிறார். இரண்டு முனையிலும் பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. மீற்றர் வைத்துப் பார்க்க, பற்றறியில் 12.5, சொலனொய்ட் முனையில் 9தான் வந்தது. சுவிட்சைத் தூக்கி எறிந்து, வயரை நேராக இணைத்து, ஈயம் பற்றி, உறை போட்டோம். டக்கென்று நூருவது அத்தோடு நின்றது.

இரண்டாவது வருத்தம்தான் சுவாரசியமானது. பல டீசல் வாகனங்களில் தாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிட ஒரு பம்ப் இருக்கும். இதில் இல்லை. எஞ்சினிலுள்ள டீசல் பம்ப் தானே தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. அதனால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். நிலத்தில் ஒரு துளிகூட விழாது. “லீக் ஒண்டும் இல்லை” என்று பார்ப்பவர் எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

எங்கே காற்று எடுக்கிறது என்று பார்க்க மேசன்மார் மட்டம் பிடிக்கும் ஒளிபுகும் ரியூப்தான் உதவியது. ஃபில்ரருக்கும் பம்புக்கும் இடையில் இருந்த கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த ரியூபில் ஒரு முழத் துண்டை மாட்டிக் கிளிப் இறுக்கினோம். தாங்கி நிறைய இருந்தபோது டீசல் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அரைக்குக் கீழே இறங்கிய பிறகு பார்த்தால் கடுகளவு குமிழிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சின்னக் குமிழிகளைப் பம்ப் சமாளித்துத் திரும்பும் லைன் வழியே தாங்கிக்கே அனுப்பிவிடுகிறது. வாகனத்தை ஒருபக்கம் சரித்து நிறுத்தி அக்சிலரேற்றரை மிதித்தபோது, விரல்நீளக் காற்று ஒன்று ரியூபுக்குள் நழுவி வந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம், எஞ்சின் குலுங்கி நூர்ந்தது. (அந்த ரியூபை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். டீசல் பட்டுப்பட்டு மரக்கட்டை போல் இறுகி வெடிக்கும். சோதனை முடிந்ததும் டீசலுக்கென்றே வரும் ஹோஸைத் திரும்பப் போடுங்கள்.)

குமிழி வருகிறது, சரி. ஆனால் எங்கிருந்து? இந்த வாகனங்களில் முதல் சந்தேகம் ஃபில்ரர் தலையில் இருக்கும் கைப்பம்ப். அதற்குள் உள்ள ரப்பர் வெடித்தால் அதுவே காற்றைக் குடிக்கும். அடுத்தது தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடி வால்வு. பிறகு பழைய ஹோஸ் முனைகள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகாமல், ஒரு கானில் டீசல் எடுத்து, பம்புக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் அதற்குள் விட்டு ஓடவைத்தோம். ஒரு குமிழி இல்லை. பம்ப் அந்த நிமிடமே குற்றத்திலிருந்து விடுதலை. அடுத்து ஃபில்ரரை இடையில் சேர்த்து, அதே கானிலிருந்து ஓடவிட்டோம். அப்போதும் குமிழி இல்லை. கைப்பம்பும் தப்பியது. மிஞ்சியது தாங்கியும் அதிலிருந்து வரும் இரும்புக் குழாயும். குழாயின் ஒரு முனையை அடைத்து, சவர்க்காரத் தண்ணீர் பூசி, சைக்கிள் பம்பால் மெதுவாக அடித்துப் பார்த்தோம். நுரை எழும்பவில்லை.

தாங்கியை இறக்கினோம். டீசலை உறிஞ்சும் குழாய் ஒரு தட்டில் பொருந்தி மேலிருந்து அடிவரை இறங்குகிறது. அதை உருவி எடுத்து வெயிலுக்குப் பிடித்ததும் அண்ணை பேசாமல் நகத்தால் ஓரிடத்தைக் காட்டினார். குழாயின் ஏறக்குறைய நடுவில், துருவின் கீழே, ஊசிமுனைத் துவாரம். அதைச் சுற்றிப் பெரிய பொட்டளவுக்கு இரும்பு கடதாசி போல் மெலிந்திருந்தது. டீசல் மட்டம் துவாரத்துக்கு மேலே இருக்கும்வரை அது டீசலைத்தான் இழுக்கும், யாருக்கும் நட்டமில்லை. மட்டம் கீழே இறங்கினால் காற்றை இழுக்கும். வளைவில் டீசல் ஒருபக்கம் சாயும்போது துவாரம் வெளியே தெரியும், நூரும். நேரே வரும்போது மூடும், ஓடும். காலையில் சிலவேளை நெடுநேரம் சுற்றித்தான் ஸ்ராட் எடுத்ததற்கும் இதுவே காரணம்: இரவிரவாக லைனில் உள்ள டீசல் தாங்கிக்கே இறங்கிவிட்டிருக்கிறது.

குழாயைத் தட்டோடு தனியே கொண்டுபோய், கெட்ட பகுதியை வெட்டி, புது இரும்புக் குழாய் வைத்துப் பித்தளைப் பற்று வைத்தோம். தாங்கிக்குக் கிட்ட நெருப்புக் கொண்டுபோகவே கூடாது. டீசல்தானே என்று விளையாடுபவர்கள் வெற்றுத் தாங்கிக்குள் நிற்கும் ஆவியை மறந்துவிடுகிறார்கள். அடியில் இருந்த செங்கல்நிறச் சேற்றையும் கழுவி எடுத்தோம். மொத்தச் செலவு, பம்புக்குக் கேட்ட தொகையின் ஓரத்துக்கும் வராது.

அதற்குப் பிறகு மீற்றர் முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டியும் பார்த்துவிட்டேன், நூரவில்லை. தாங்கியைப் பாதிக்குக் கீழே விடாத பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை மாரி காலத்தில் அடிக்கடி திறந்து வடிக்கிறேன். பம்புக்கு எண்ணெயும் டீசல்தான். தண்ணீர் போனால் பிறகு உண்மையாகவே ஓவரோல்தான்.

ஓடும்போது நூர்ந்தால் பயப்படாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிரேக்குக்கு உதவும் வக்கூம் பம்ப் ஓல்ரனேற்றரோடு சேர்ந்து சுற்றுவது. எஞ்சின் நின்றால் மிஞ்சிய வக்கூமில் ஓரிரு மிதிதான் இலகுவாக இருக்கும். மிதித்து மிதித்து விடாமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஸ்ரியரிங்கும் பாரமாகும். வல்லை வெளியில், பின்னால் மணல் ரிப்பர் வர, இது எனக்கு விளங்கியது.

டாஷ்போர்ட் பெட்டிக்குள் பியூஸ் போட்ட நீள வயர் ஒன்றும் வைத்திருக்கிறேன். கரண்ட் பக்கத்தால் நூர்ந்தால், பற்றறியிலிருந்து சொலனொய்டுக்கு நேரே கொடுத்து வீடுவந்து சேரலாம். அப்படி ஓடினால் திறப்பால் எஞ்சின் நிற்காது, வயரைத்தான் கழற்ற வேண்டும். மகனுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படி ஒரு பழைய பிக்கப்பை வாங்கப் போகிறவர்களுக்கு: பார்க்கப் போகும்போது தாங்கி நிறைய டீசல் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். மட்டத்தைக் காற்பங்குக்கு இறக்கிவிட்டு, வளைவுகள் உள்ள ரோட்டில் ஒருக்கா ஓடிப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால், இருக்கைக்குக் கீழே கம்பளத்தையும் தூக்கிப் பாருங்கள்.