கண்ணாடி மாற்றினால் கேமரா ரிப்போர்ட் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்

கடந்த ஜூன் மாதம் என் மின்சாரக் காருக்கு முன்கண்ணாடி மாற்றினேன். அதில் செய்யாத ஒரு வேலைக்கு 8,496 ரூபாய் பில் போட்டு வாங்கிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம். அந்த வேலையைச் செய்யாமலே வண்டியைக் கொடுத்ததால், பத்து நாள் கழித்து பெருந்துறை பைபாஸில் நானும் அம்மாவும் ஒரு பஸ்ஸுக்கு அடியில் போயிருப்போம். அடாஸ் (தானே பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்டுபவருக்கு உதவும் வசதி) உள்ள கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

திருப்பூரில் சின்னதாக ஒரு எம்பிராய்டரி யூனிட் நடத்துகிறேன். அம்மா வீடு சேலம். மாதம் இரண்டு தடவையாவது 544-ஆம் நெடுஞ்சாலையில் போய் வருவேன். இந்தக் காரை வாங்கியதே அந்த ஓட்டத்துக்காகத்தான். டீசல் செலவு மிச்சம். இன்னொன்று, லேன் விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும், முன்னால் வண்டி நின்றால் தானே பிரேக் போடும் என்றார்கள். தனியாக ஓட்டுகிற எனக்கு அது ஒரு துணை மாதிரி பட்டது. டெஸ்ட் டிரைவில் ஷோரூம் பையன் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, "பாருங்க மேடம், தானா ஓடுது" என்று காட்டினான். அந்தக் காட்சி மனதில் நின்றுவிட்டது.

சங்ககிரி தாண்டி வரும்போது, தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிப் போன டிப்பர் லாரியிலிருந்து ஒரு கல் தெறித்தது. கண்ணாடியில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெடிப்பு. மறுநாள் வெயிலில் காரை நிறுத்தியிருந்தேன், சாயங்காலம் பார்த்தால் விரிசல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடியிருந்தது.

கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோனேன். பெயர் இங்கே வேண்டாம், புகார் நடந்துகொண்டிருக்கிறது. அட்வைசர் முதலில் கேட்டது, "சார் வரலீங்களா மேடம்?" வண்டி என் பெயரில்தான் இருக்கிறது என்றேன். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்தார். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், அது நல்ல விஷயம். ஆனால் க்ளெய்ம் போட்டதால் அந்த வருடத்து நோ க்ளெய்ம் போனஸ் போனது. கண்ணாடி, பசை, கூலி எல்லாம் இன்சூரன்ஸில் வந்தது. 'அடாஸ் கேமரா கேலிபரேஷன் 7,200' என்ற ஒரு வரி மட்டும் வராது, ஜிஎஸ்டியோடு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினேன்.

அது என்ன வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கண்ணாடியோடு ஒட்டி ஒரு கேமரா இருக்கிறது. ரோட்டுக் கோடு, முன்னால் போகிற வண்டி, பைக், ஆள் எல்லாவற்றையும் பார்ப்பது அதுதான். கண்ணாடியைக் கழற்றி வேறு மாட்டும்போது அந்தக் கேமரா பார்க்கும் திசை கொஞ்சம் மாறிவிடும். நேர் எது என்று அதற்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் கேலிபரேஷன்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. டெலிவரி எடுக்கும்போது, வேலை திருப்தியாக முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் சேட்டிஸ்பேக்‌ஷன் வவுச்சரில் கையெழுத்து வாங்கினார்கள். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை, எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது. (பழைய ஃபாஸ்டேக் கண்ணாடியோடு கிழிந்து போய்விடும், புதிதாக வாங்கி ஒட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வாரம் விஜயமங்கலம் டோலில் இரண்டு மடங்கு பணம் கட்டினேன்.)

முதல் நாளே இடது பக்கம் இழுத்தது. காற்று குறைந்திருக்கும் என்று டயரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. லேன் அசிஸ்ட்டை (லேனுக்குள் நிற்க ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும் அந்த வசதியை) அணைத்தால் நேராகப் போகிறது, போட்டால் இழுக்கிறது. என் வண்டியில் அதை ஒரு தடவை அணைத்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது தானாக ஆன் ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனில் தேடிப்போய் அணைக்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். இடது ஓரத்தில் ஒரு பெரியவர் டிவிஎஸ் 50-யில் புல்லுக்கட்டு வைத்துப் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது ஸ்டீயரிங் என் கையை மீறி அவர் பக்கமாகத் திரும்பப் பார்த்தது. பலமாகப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் பாட்டுக்குப் போனார். நான் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "நம்ம ஊர்ல ரோட்டுக் கோடு சரியில்லீங்க மேடம், அதனால அப்படித்தான் இருக்கும்." அதே ரோட்டில் ஆறு மாதமாக இழுக்காத வண்டி இப்போது ஏன் இழுக்கிறது என்று கேட்டேன். "ஸ்டீயரிங்கை லூசா பிடிச்சிருப்பீங்க. அடுத்த அப்டேட்ல சரியாயிடுமுங்க" என்றார்.

அடுத்த வாரம்தான் பெருந்துறை. சேலத்திலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். இடது லேனில் 80 கிலோமீட்டர் வேகம், முன்னால் ரோடு காலி. வலது லேனில் ஒரு லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதை நெருங்கும்போது வண்டி தானாகப் பிரேக் அடித்தது. லேசாக இல்லை, முழு பிரேக். பின்சீட்டில் அம்மா மடியில் வைத்திருந்த தூக்குப்போசி பறந்து என் சீட்டின் முதுகில் மோதியது, கதவெல்லாம் ரசம். பின்னால் வந்த பஸ்ஸின் ஹார்ன் காதைப் பிளந்தது. ரியர்வியூ மிரரில் அந்த பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், வண்டி நகர்ந்தது. ஒரு வினாடி தாமதித்திருந்தால் முடிந்திருக்கும்.

"ஏன் கண்ணு இப்படிப் பிரேக் போட்டே?" என்றார் அம்மா.

"நான் போடலைம்மா."

மறுநாள் கோவையில் அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த டெக்னீஷியன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாகக் கேலிபரேஷன் செய்த தேதியைக் காட்டினார். வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த காலத்துத் தேதி. அதன்பின் ஒன்றுமே பதிவாகவில்லை. கேமரா 1.1 டிகிரி வலது பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு டிகிரி என்ன பெரிதா என்று எனக்கும் தோன்றியது. அவர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். 50 மீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம். 100 மீட்டரில் இரண்டு மீட்டருக்குப் பக்கம். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான். கேமரா வலது பக்கம் திரும்பியிருப்பதால் அது பார்க்கிற உலகம் முழுக்க இடது பக்கம் தள்ளித் தெரியும். அதனால்தான் லேன் இடது பக்கம் இருப்பதாக நினைத்து அந்தப் பக்கம் இழுத்தது. பக்கத்து லேனில் போன லாரி என் லேனில் நேர் எதிரே இருப்பதாக நினைத்துப் பிரேக் போட்டது. கேமரா சொன்னதைத்தான் வண்டி செய்தது, அந்தக் கேமராவுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்காததுதான் தப்பு.

அந்த வேலையை அவர்கள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சமமான தரையில் காரை நிறுத்தி, டிக்கியில் இருந்த சாமானை இறக்கச் சொல்லி, டயர் காற்றைச் சரிபார்த்து, முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையை டேப் வைத்து அளந்து நிறுத்தினார்கள். பிறகு லேப்டாப்பை மாட்டியபடியே கோடு தெளிவாக உள்ள ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம். முன்பு என்ன அளவு, பின்பு என்ன அளவு என்று ஒரு பக்க ரிப்போர்ட் அச்சிட்டுக் கொடுத்தார்கள். என் மாடலுக்குப் பலகை, ரோடு இரண்டும் கட்டாயம் என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் போனில் வண்டியின் ஆப் இருக்கிறதே! எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாம் அதில் பதிவாகும். திறந்து பார்த்தால், முதல் சர்வீஸ் சென்டரில் வண்டி நின்ற மூன்று நாளில் அது மொத்தம் ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஜாப் கார்டில் உள்ளே வரும்போது 11,482, டெலிவரி நோட்டில் 11,482. ரோட்டில் ஓட்டிச் செய்ய வேண்டிய வேலையை ஓட்டாமல் எப்படிச் செய்தார்கள்?

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மேனேஜர் முதலில் டெக்னீஷியன் மேல் பழி போட்டார். அப்புறம், "அது ஒரு அசிஸ்ட் வசதிதானுங்க, ஓட்டுறவங்கதான் கவனமா இருக்கணும்னு மேனுவல்லயே போட்டிருக்கு" என்றார். கடைசியில் பணத்தைத் திருப்பித் தருகிறோம், புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதித் தரவில்லை.

மேனுவலில் போட்டிருக்கிறது என்ற அந்தப் பேச்சுதான் எனக்கு அடங்காத கோபத்தைத் தந்தது. தோழியின் அண்ணன் வக்கீல், அவரிடம் போனேன். இந்த வசதிகளை 0 முதல் 5 வரை தரம் பிரித்திருக்கிறார்கள், நம் ஊரில் கிடைக்கும் கார்கள் அதிகபட்சம் 2-தான் என்றார். 2 என்றால் ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் வண்டி பார்த்துக்கொண்டாலும், ரோட்டைப் பார்ப்பதும் பொறுப்பும் ஓட்டுபவருடையது. டிவிஎஸ்-இல் போன பெரியவர் மேல் வண்டி மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "வண்டி தானா திரும்புச்சுன்னு நீ சொல்லலாம்மா. எஃப்.ஐ.ஆர்.ல உன் பேருதான் வரும்." பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் பிரிவு 281 (கண்மூடித்தனமாக ஓட்டுவது), உயிர் போயிருந்தால் 106 (அலட்சியத்தால் மரணம்), கூடவே மோட்டார் வாகனச் சட்டம் 184 (ஆபத்தாக ஓட்டுவது). அமெரிக்காவில் 2019-இல் இதே மாதிரி உதவி வசதி போட்டு ஓடிய ஒரு கார் மோதிய விபத்துக்காக, 2025 ஆகஸ்டில் மயாமி நடுவர் குழு அதைத் தயாரித்த டெஸ்லா கம்பெனி மேலும் மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு சுமத்தியது. அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். அங்கேயும் பெரும்பங்கு பொறுப்பு ஓட்டியவர் மேல்தான் விழுந்தது, அதை நம்பி நீ கையை எடுக்காதே என்றார்.

சரி, பொறுப்பு முழுக்க என்னுடையது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கேமரா சரியாக இருக்கிறது என்பதற்கான காகிதமும் என் கையில் இருக்க வேண்டும் இல்லையா? அதற்கு என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு, செய்யாமலே செய்ததாக எழுதியவரை யார் கேட்பது?

நான் கேட்டிருக்கிறேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். சர்வீஸ் சென்டர் அதே பதிலைத்தான் அங்கும் சொன்னது. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகப் புகார் போட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நானே எழுதி அந்த வக்கீல் அண்ணாவிடம் ஒரு தடவை காட்டினேன். ஜாப் கார்டு, பில், ஆப் ஸ்கிரீன்ஷாட், கோவை ரிப்போர்ட் நான்கையும் இணைத்திருக்கிறேன்.

உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கண்ணாடி மாற்றினாலும், முன்பம்பர் கழற்றி மாட்டினாலும் (முன்னால் உள்ள வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்), முன்பு பின்பு அளவு போட்ட ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிவிட்டுத்தான் அந்த வவுச்சரில் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை விடும்போதும் எடுக்கும்போதும் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் முதல் இரண்டு நாள் பழகின ரோட்டில், பக்கத்தில் பைக் இல்லாதபோது ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் ரோட்டுக் கோட்டின் மேல் பழி போட விடாதீர்கள். பூஜை போட்டுவிட்டுச் சந்தனத்தைக் கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் வைக்காதீர்கள், ஃபாஸ்டேக்கையும் அதை மறைக்காமல் ஒட்டுங்கள்.

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லையும் தேதியையும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்குள் கிடைத்தால் என் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று அண்ணா சொல்லியிருக்கிறார்.