லாட்கே: நீளத் துருவலா, நைசான விழுதா?

எட்டு நாள் ஹனுக்கா திருநாளில் கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த யூதர்களின் வீடுகளில் பொரிக்கப்படும் உருளைக்கிழங்குப் பண்டத்தை லாட்கே என்பார்கள். கி.மு. 164-இல் மீட்கப்பட்ட எருசலேம் ஆலயத்தில், ஒரு நாளுக்கே போதுமான எண்ணெய் எட்டு நாள் நின்று எரிந்தது என்ற நம்பிக்கையே எண்ணெய்ப் பலகாரங்களுக்கும் இத்திருநாளுக்கும் உள்ள உறவுக்கு அடிப்படை. கிழங்கு இதில் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. இடைக்கால இத்தாலிய யூதர்கள் பாலாடைக்கட்டியில்தான் இதைச் செய்தார்கள்.

இன்று செய்பவர்களிடையே உள்ள முதல் கருத்து வேறுபாடு துருவலைப் பற்றியது. பெரிய கண் துருவியில் துருவிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் படிந்து, ஓரங்களில் வலைபோலப் பிரிந்து நிற்கும். அந்த ஓர இழைகள்தாம் முதலில் பொன்னிறமாகி மொறுமொறுக்கும். சிறு கண்ணில் தேய்த்த விழுதோ ஒரே பரப்பாகப் படர்வதால், மேலே மெல்லிய பொருக்கும் உள்ளே குழைவும் கொண்ட லாட்கே கிடைக்கும். பழைய தலைமுறையினர் பலருக்கு இந்தக் குழைவுதான் லாட்கேயின் அடையாளம் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் மொறுமொறுப்பே நோக்கம் என்றால் நீளத் துருவலே மேல். கிழங்கில் கால் பங்கை மட்டும் நைசாகத் தேய்த்து அதனுடன் கலந்தால், இழைகள் உதிராமல் பிடித்துக்கொள்ளும்.

எந்தத் துருவலானாலும் நீரைப் பிழியாவிட்டால் பயனில்லை. ஈரம் ஆவியாகி முடியும்வரை கிழங்கின் மேற்பரப்பு சிவக்காது. அதற்குள் எண்ணெயின் சூடும் இறங்கிவிடும். மெல்லிய பருத்தித் துணியில் துருவலை மூட்டையாகக் கட்டி, கை வலிக்கும்வரை முறுக்கிப் பிழிய வேண்டும். பிழிந்த நீரைக் கொட்டிவிடாமல் பத்து நிமிடம் அப்படியே வைத்தால், பழுப்பு நீருக்கு அடியில் வெள்ளை வெளேரென்று மாவுச்சத்து கெட்டியாகப் படிந்திருக்கும். நீரை மெல்ல வடித்துவிட்டு, அந்த வெள்ளைப் படிவைச் சுரண்டித் துருவலிலேயே சேர்த்துவிட வேண்டும். கோதுமை மாவைவிடச் சிறந்த பிணைப்பு இதுதான். மாவு கூடினால் லாட்கே ரொட்டிபோல் கனத்துவிடும். மாட்சா என்னும் புளிப்பில்லா அப்பத்தின் பொடி கோதுமை மாவைவிட ஈரத்தை நன்றாக உறிஞ்சுவதால், ஒரு கிலோ கிழங்குக்கு இரண்டு முட்டையும் மூன்று மேசைக்கரண்டிப் பொடியும் போதும். உப்பு நீரை இழுத்துவிடும் என்பதால் அதைப் பொரிப்பதற்குச் சற்று முன்பே போட வேண்டும்.

கிழங்கைப் பொறுத்தவரை விவாதத்துக்கு அதிக இடமில்லை. மாவுச்சத்து மிகுந்த ரசெட் வகை மொறுமொறுக்கும். வழவழப்பான சிவப்புத் தோல் கிழங்கு அவ்வளவாக மொறுமொறுக்காது. வெங்காயத்தையும் கிழங்கையும் மாற்றி மாற்றித் துருவினால் கிழங்கு கறுப்பதும் தாமதப்படும்.

கொழுப்பில் மீண்டும் இரு கட்சிகள். கிழக்கு ஐரோப்பாவில் எண்ணெய் அரிதாக இருந்ததால், குளிர்காலத்தில் அறுத்த வாத்தின் கொழுப்பை உருக்கிய ஷ்மால்ட்ஸில்தான் பொரித்தார்கள். அதன் மணத்தைத் தாவர எண்ணெயால் தர முடியாது. எனினும் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கடலை எண்ணெய் ஊற்றி, சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில், பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பொரிப்பதையே நான் விரும்புகிறேன். காகிதத்தில் அடுக்கினால் அடிப்பக்கம் நீராவியில் நமுத்துப்போகும் என்பதால், எடுத்ததும் கம்பித் தட்டில் வைப்பது நல்லது.

தொட்டுக்கொள்ளப் புளிப்புக் கிரீமா, ஆப்பிள் மசியலா என்பதையும் கொழுப்பே தீர்மானிக்கிறது. இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது யூத உணவு விதி. ஆகவே ஷ்மால்ட்ஸில் பொரித்தவற்றுக்குக் கிரீம் ஆகாது, ஆப்பிள் மசியல் மட்டுமே பொருந்தும். எண்ணெயில் பொரித்து, இறைச்சி இல்லாத பந்தியில் பரிமாறினால் இரண்டையுமே வைக்கலாம்.