மண்டப வகுப்பா, வீதிப் பயிற்சியா?

சைக்கிள் வீதியோட்டத்துக்குத் தொண்டர்களைப் பழக்குவதென்றால் மண்டப வகுப்புத்தான் மலிவு. ஐம்பது பேரை ஒரே தடவையில் இருத்தி, பாதை வரைபடம், யாருக்கு எந்தச் சந்தி, விபத்தென்றால் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் என்று இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கலாம். வேகம் மட்டும் அங்கே விளங்காது.

மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் சைக்கிள் கூட்டம் செக்கனுக்கு 11 மீற்றர் கடக்கும். நூறு மீற்றரில் கண்டு விசில் ஊதினால், ஒழுங்கையால் வரும் ஆட்டோக்காரரை உஷார்ப்படுத்த ஒன்பது செக்கன்தான். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சந்தியில், விடியற்காலையில், பொலிசுக்குச் சொல்லிவிட்டு, முன்னால் ஒரு மோட்டார் சைக்கிளும் பின்னால் நாலைந்து ஓட்டக்காரரும் வரவிட்டால் இது தானாகப் பிடிபடும். ஆனால் ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் பழக்க முடியாது.

வீதியில்தான் வழக்கமான பிழையும் தெரியவரும்: முதற்கூட்டம் போனதும் தொண்டர்கள் கொடியை மடக்கிவிடுவார்கள். பின்தங்கியவர் ஐந்து நிமிடம் கழித்து, தனியே, களைத்து வருவார். ஓட்டத்தின் முடிவில் வரும் கடைசி வாகனம் கடக்கும்வரை சந்தியை விட்டு அசையக்கூடாது. (வாகனத்தை மறிப்பது பொலிசின் வேலை, தொண்டர் எச்சரிக்கலாம், அவ்வளவே.)

ஒருநாள்தான் கிடைக்குமென்றால் சந்திக்காரரை வீதிக்கு அனுப்புங்கள். பதிவு மேசைக்கும் தண்ணீர் கொடுப்பவர்களுக்கும் மண்டபமே போதும்.