இணைய பிளிட்ஸ் பயிற்சி: 3+0, 3+1, 3+2 – எது எதற்கு உதவும்?

குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் 2025 ஜூலையில் நடந்த சதுரங்கப் போட்டியில், ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும் ரேபிட் பகுதியை குகேஷ் 18-க்கு 14 புள்ளிகளுடன் முதலிடத்தில் முடித்தார். அதில் மேக்னஸ் கார்ல்சனையும் வென்றார். அடுத்த இரண்டு நாள்களில் அதே ஒன்பது எதிராளிகளுடன் ஆடிய, சில நிமிடங்களே கிடைக்கும் 18 பிளிட்ஸ் ஆட்டங்களில் அவரால் ஐந்தரைப் புள்ளிகளே எடுக்க முடிந்தது. ஒட்டுமொத்தப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். அது நேர்ப் பலகையில் நடந்த போட்டிதான். ஆனால் 2022 அக்டோபரில் இணையத்தில் நடந்த ஏம்செஸ் ரேபிட் போட்டியில் கார்ல்சனை வீழ்த்தியவரும் இதே குகேஷ் என்பதால், மவுஸ் பழக்கத்தையோ சதுரங்க அறிவையோ குறை சொல்ல இடமில்லை. இருபது விநாடி கிடைத்தால் சரியாக எடுக்கும் முடிவை நான்கு விநாடியில் எடுக்க நேரும்போது வரும் சரிவாகவே இதை நான் பார்க்கிறேன். மணிக்கணக்கில் நீளும் கிளாசிக்கல் ஆட்டத்தில் உச்சத்தில் இருக்கும் கிராண்ட்மாஸ்டர்கள் பலரிடமும் இந்தச் சரிவு உண்டு. அத்தகைய ஒருவர் இணைய பிளிட்ஸில் முன்னேற வேண்டுமானால் அவர் முன்னே உள்ள வழிகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதே இங்கே கேள்வி.

முதலில் சொல்லப்படும் வழி, நிறைய ஆடுவது. செஸ்.காம் தளம் நடத்தும் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்பை 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா இதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிறார். அவர் இணையத்தில் ஆடித் தீர்த்திருக்கும் பிளிட்ஸ், அதைவிட வேகமான புல்லட் ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்கான மோதல் 5+1, 3+1, 1+1 (முதல் எண் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள், அடுத்தது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் விநாடிகள்) என மூன்று வேகங்களில் அடுத்தடுத்து நடப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்திலும் வேறொரு திறமை சோதிக்கப்படுகிறது. ஆகவே எத்தனை ஆட்டம் என்று கேட்பதற்கு முன், எந்தக் கடிகாரத்தில் ஆடுவது என்று கேட்பதே பொருத்தம்.

கணக்கைப் பார்ப்போம். கூடுதல் நேரமே இல்லாத 3+0 முறையில் ஓர் ஆட்டம் 40 நகர்த்தல் நீடித்தால் ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக நாலரை விநாடி. 60 நகர்த்தல் போனால் மூன்று விநாடி. 3+1 முறையில் இவை முறையே ஐந்தரையும் நான்கும் ஆகின்றன. 3+2 முறையில் ஆறரையும் ஐந்தும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 60 நகர்த்தலுக்கான கூடுதல் நேரத்தையும் சேர்த்தே ஓர் ஆட்டம் பிளிட்ஸா ரேபிடா என்று வகைப்படுத்துகிறது என்பதால், அந்தக் கணக்கில் 3+2 ஆட்டமும் 5+0 ஆட்டமும் ஒரே ஐந்து நிமிட ஆட்டங்கள்தாம். இருந்தும் பலகையில் இரண்டும் ஒன்றுபோல் நடப்பதில்லை. 5+0 முறையில் ஆட்டத்தின் நடுவே ஒரு சிக்கலுக்காக நாற்பது விநாடி எடுத்துக்கொண்டால் அது இறுதிக்கட்டத்திடமிருந்து வாங்கிய கடன். ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள யானை எண்ட்கேமில் எட்டு விநாடியோடு நிற்கும்போது அந்தக் கடன் திரும்பக் கேட்கப்படும். 3+2 முறையில் கடிகாரம் எவ்வளவு இறங்கினாலும் அடுத்த நகர்த்தலுக்கு இரண்டு விநாடி உறுதி என்பதால், எண்ட்கேம் நுட்பத்தைக் கைப்பழக்கமாக்கி வைத்திருப்பவர் அந்த நிலையை வென்றுவிடலாம்.

3+0 ஆட்டங்களிலேயே ஊறியவர் கற்றுக்கொள்வது வேறு. நிலைமை தோல்விக்குரியது என்றாலும் காய்களை மாற்றிக்கொள்ளாமல் இழுத்தடிப்பது, பயனற்ற செக்குகளைக் கொடுத்து எதிராளியின் விநாடிகளைத் தின்பது, நல்ல நகர்த்தலைத் தேடாமல் ஆபத்தில்லாத எதையாவது உடனே ஆடிவிடுவது ஆகிய மூன்றும் 3+0 முறையில் புள்ளி தரும். 3+2 முறையில் அநேகமாகத் தராது. ஃபிடேயின் உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் 3+2 முறையில்தான் நடக்கிறது என்பதால், அதைக் குறிவைப்பவருக்கு 3+0 பழக்கம் இடைஞ்சலாகவும் முடியலாம். மறுபுறம், பட்டம் பெற்ற வீரர்களுக்காக செஸ்.காம் நடத்தும் டைட்டில்ட் டியூஸ்டே 11 சுற்றுகளாக, நெடுங்காலம் 3+1 முறையில் நடந்து வந்த போட்டி. இந்த ஒரு விநாடி விசித்திரமானது. மவுஸை நகர்த்த அது போதும், யோசிக்கப் போதாது. எனவே 3+1 ஆட்டத்தில் கடைசிப் பத்து விநாடிக்குள் நுழைந்துவிட்டவர் ஏற்கெனவே தெரிந்ததை ஆடலாமே ஒழியப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மேலே சொன்ன வகைக் கிராண்ட்மாஸ்டருக்கு 3+2 முறையையே முதன்மைப் பயிற்சியாக நான் பரிந்துரைப்பேன். அவருடைய சிக்கல் முடிவெடுப்பதில் இருக்கிறது. 3+0 முறையில் ஆட்டம் முடியும் விதமே அந்தச் சிக்கலை மறைத்துவிடும். போட்டி நெருங்கும் வாரத்தில் 3+1 முறைக்கு மாறலாம். 3+0 முறைக்காக வாதிடுவோர் சொல்வதில் ஓர் உண்மை உண்டு: தொடக்கத்தில் வீணடித்த ஒவ்வொரு விநாடிக்கும் அது தயவு தாட்சண்யமின்றித் தண்டனை கொடுக்கும். அதற்காக அவ்வப்போது சில ஆட்டங்கள் ஆடினால் போதும், தினசரி உணவாக வேண்டாம்.

எந்தத் தளத்தில் ஆடுவது என்பதை ரசனை சார்ந்த விஷயமாகவே பலர் கருதுகிறார்கள். ஆனால் செஸ்.காம், லிசெஸ் ஆகிய இரண்டு சதுரங்கத் தளங்களிலும் ப்ரீமூவ் விதி வேறு. எதிராளி ஆடுவதற்கு முன்பே நமது அடுத்த நகர்த்தலைப் போட்டுவைக்கும் இந்த வசதியில், செஸ்.காம் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 விநாடி கழித்துக்கொள்கிறது. ஆனால் பல நகர்த்தல்களை வரிசையாக அடுக்கிவைக்க அனுமதிக்கிறது. லிசெஸ் நேரம் எதையும் கழிப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு ப்ரீமூவுக்குத்தான் இடம் தருகிறது. இதனால் செஸ்.காமில் மூன்று விநாடி மிச்சமிருக்கும் ஒருவர், எதிராளியால் தடுக்க முடியாத சிப்பாயை ராணியாக்கும் வரையிலான நகர்த்தல்களை ஒரே மூச்சில் அடுக்கிவிட முடியும். லிசெஸில் எதிராளியின் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் கண் பலகைக்குத் திரும்பியாக வேண்டும். அடுக்கிவைப்பவரை வீழ்த்தும் கலையும் தனியே இருக்கிறது: அவர் எந்தக் கட்டத்துக்கு வரப்போகிறார் என்று ஊகித்து, அங்கே ஒரு காயைத் தாக்கும்படி நிறுத்திவிட்டால் அவருடைய ராணி இலவசமாக விழும்.

நேரம் தீரும்போது என்ன முடிவு என்பதிலும் வேறுபாடு உண்டு. எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும், நம்மிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் இருக்கையில் நமது நேரம் தீர்ந்தால், செஸ்.காம் அதை டிரா என்று அறிவிக்கும். எப்படியேனும் செக்மேட் அமைய வாய்ப்பிருக்கிறதா என்று பார்க்கும் லிசெஸில் நாம் தோற்போம். ஃபிடே விதியும் இதுவே. ஒரு தளத்தில் பழகி மறு தளத்தில் பரிசுக்கு ஆடுபவர், ஆறு விநாடி கையிருப்பில் இதை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. டைட்டில்ட் டியூஸ்டே செஸ்.காமில் நடப்பதால், அதற்கான பயிற்சியையும் அங்கேயே செய்வதுதான் நியாயம். குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை ஆட்டங்கள் ஆடும் லிசெஸின் அரீனா போட்டிகளில் பாதி நேரத்தை விட்டுக்கொடுத்து வெற்றிக்குக் கூடுதல் புள்ளி தேடும் பெர்செர்க் முறை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஒத்த புள்ளி உள்ளவர்கள் சுற்றுக்குச் சுற்று மோதும் 11 சுற்று ஸ்விஸ் போட்டிக்குத் தேவைப்படும் நிதானத்துக்கு அது நேர் எதிர்.

புதிர்ப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செஸ்.காமின் பஸில் ரஷ் மூன்று தவறுகளோடு முடிந்துவிடும். லிசெஸின் பஸில் ஸ்டார்ம் ஒரு தவறுக்குப் பத்து விநாடி பறித்துக்கொண்டு தொடரவிடும். தவறு செய்யத் துணிய வேண்டியவர்க்குப் பின்னதும், அவசரக்காரருக்கு முன்னதும் ஏற்றது. ஒரு கிராண்ட்மாஸ்டருக்கு இரண்டுமே ஆட்டத்துக்கு முந்தைய உடற்சூடு என்ற அளவில்தான் பயன்படும்.

ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் வரிசையின் தேர்வு அப்படிப்பட்டதல்ல. பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, கோட்பாட்டுச் சுமை குறைந்த லண்டன் சிஸ்டம் போன்ற அமைப்புகளுக்கு மாறிவிடுங்கள் என்பதே. முதல் நகர்த்தலாக பி3 (பி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளுவது) ஆடுவதை நகமுராவே இணைய பிளிட்ஸில் அடிக்கடி செய்திருக்கிறார். லண்டனில் முதல் எட்டு நகர்த்தல்களைச் சில விநாடிகளில் ஆடிவிடலாம் என்பது உண்மை. ஆனால் எதிராளியும் தனது எட்டு நகர்த்தல்களை அதே வேகத்தில் ஆடிவிடுவார் என்பதை இந்த அறிவுரை கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் கோட்பாட்டை மனத்தில் ஏற்றி வைத்திருக்கும் கிராண்ட்மாஸ்டர் அந்தச் சொத்தைக் கைவிடுவது விரயம் என்பது என் எண்ணம். 12-ஆவது நகர்த்தலில் என்ஜின் (நிலையை மதிப்பிடும் கணினி நிரல்) காட்டும் மதிப்பைக் காட்டிலும் இரு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசமே பிளிட்ஸில் சரியான அளவுகோல். எதிராளியை முப்பது விநாடி யோசிக்க வைக்கும் கூர்மையான கிளை வழி ஒன்று, சற்றுத் தாழ்ந்ததாயினும், வெள்ளைக்கு லண்டனைவிட லாபகரமானது. கறுப்புக்கு இந்த வாதம் பொருந்தாது. கறுப்பின் ஓப்பனிங்குகளில், சிசிலியன் நஜ்டார்ஃபில் ஒரு நகர்த்தலை மறந்தாலே ஆட்டம் கவிழ்ந்துவிடலாம்; காரோ-கானில் மறந்தாலும் பழகிய சிப்பாய் அமைப்பு பெரும்பாலும் கைகொடுக்கும். ஆகவே கறுப்பில் குறுகிய பட்டியலும் வெள்ளையில் கூர்மையும் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

ஆடியதைத் திரும்பப் பார்ப்பதிலும் இரண்டு வழிகள் உள்ளன. ஆட்டம் முடிந்த கையோடு ஸ்டாக்ஃபிஷ் என்ஜின் தரும் மதிப்பீட்டைப் புரட்டிப் பார்ப்பது ஒன்று. அதில் தெரியவரும் தவறுகளில் பெரும்பாலானவை நேரம் இருந்தால் அந்த வீரரே கண்டுபிடிக்கக்கூடியவை என்பதால் கற்பது குறைவு. ஏறத்தாழ 2500 ரேட்டிங்கை எட்டும் வரை குகேஷை என்ஜின் உதவியின்றியே வளர்த்த அவருடைய சிறுவயதுப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் முறையைப் பிளிட்ஸுக்கும் நீட்டிக்கலாம் என்று தோன்றுகிறது. முதல் பார்வையில் என்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் செலவான நேரத்தைக் காட்டும் வரைபடத்தை மட்டும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து விநாடிக்கு மேல் செலவான இடங்களில் முதலில் தோன்றிய நகர்த்தல் எது, கடைசியில் ஆடியது எது என்று குறித்துக்கொண்டு வந்தால், இரண்டும் ஒன்றாக இருந்த இடங்கள் எல்லாம் தன் மேல் நம்பிக்கை இல்லாததால் போன விநாடிகள் என்பது புலப்படும். இரண்டும் வேறாக இருந்த இடங்களுக்குத்தான் என்ஜின் தேவை: மாற்றிக்கொண்டதால் லாபமா நட்டமா என்று சொல்ல அதனால் முடியும்.